வாடகை வீட்டில் இனப் பாகுபாடு: சட்டம் வந்தால் விசாரிப்பது யார்?

மலேசியாவில் கொண்டுவரப் பேசப்படும் குடியிருப்பு வாடகைச் சட்டம் பற்றிச் செய்தி வரும்போதெல்லாம் நம்மவர்கள் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: "இந்தியர்களுக்கு வீடு இல்லை என்று இனி யாரும் சொல்ல முடியாதா?" வீடமைப்பு ஊராட்சித் துறை அமைச்சு இந்தச் சட்டத்தைப் பற்றிப் பல ஆண்டுகளாகப் பேசி வருகிறது. பாகுபாட்டைத் தடுக்கும் பிரிவு அதில் வேண்டுமா வேண்டாமா என்ற வாதமும் கூடவே நடக்கிறது. அந்த வாதத்தில் ஒரு பகுதி விடுபட்டுப் போகிறது. நாளைக்கே தடை வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். செந்தூலில் இருந்தோ பாயான் பாருவில் இருந்தோ ஒருவர் புகார் கொடுக்கிறார். அதை யார் விசாரிப்பது? வீட்டுக்காரர் இனத்தைப் பார்த்துத்தான் மறுத்தார் என்பதை எப்படி நிரூபிப்பது? இது கற்றுக்கொள்ள வேண்டிய ஒரு தொழில். சில நாடுகளில் இதற்கென்றே பயிற்சிக்கூடம் நடத்துகிறார்கள்.

எது பாகுபாடு, எது இல்லை

வீட்டுக்காரருக்கு ஆளைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உண்டு. சம்பளம் போதாது, ஆட்கள் அதிகம், நாய் வளர்க்கக் கூடாது, வீட்டுக்குள் புகைக்கக் கூடாது என்றெல்லாம் சொல்லி மறுக்கலாம். இவை வாடகை கட்டுவதோடும் வீட்டைப் பராமரிப்பதோடும் நேரடித் தொடர்பு உள்ளவை. இனம், மதம், பாலினம், உடற்குறை போன்றவற்றைக் காரணமாக்கி மறுத்தால் அது பாகுபாடு. இதில் இரண்டு வகை உண்டு.

1. நேரடிப் பாகுபாடு: "சீனர்கள் மட்டும்", "மலாய்க்காரர்கள் மட்டும்", "இந்தியர்கள் வேண்டாம்" என்று விளம்பரத்திலேயே போடுவது. ஒருவருக்கு ஒரு வாடகை, இன்னொருவருக்கு வேறு வாடகை சொல்வதும் இதில் சேரும்.

2. மறைமுகப் பாகுபாடு: எல்லாருக்கும் பொதுவான விதி போலத் தெரியும், ஆனால் அடி ஒரு சமூகத்தின்மேல் மட்டும் விழும். அறை வாடகை விளம்பரங்களில் வரும் "லேசான சமையல் மட்டும்" என்ற வரியை எடுத்துக்கொள்ளுங்கள். அது எல்லாருக்கும் சொல்லப்படுகிறதா? இல்லை, விசாரிப்பவர் பெயரைப் பார்த்த பிறகுதான் முளைக்கிறதா? முதலாவது என்றால் அது ஒரு விதி, அதன் விளைவை அளந்து பார்க்க வேண்டும். இரண்டாவது என்றால் அது வெறும் சாக்கு, நேரடிப் பாகுபாட்டிலேயே சேரும்.

வீடு விற்பனையில் உள்ள பூமிபுத்ரா (மலாய்க்காரர், பூர்வீகக் குடியினர்) ஒதுக்கீடும் தள்ளுபடியும் அரசாங்கக் கொள்கை சார்ந்தவை. அவற்றுக்கு வேறு சட்ட அடிப்படை இருக்கிறது. தனியார் வாடகையோடு அதையும் சேர்த்துக் குழப்பிக்கொண்டால் இரண்டுமே புரியாமல் போகும்.

நம் சட்டம் எங்கே நிற்கிறது

"அரசியலமைப்பில் சமத்துவம் இருக்கிறதே, வழக்குப் போட முடியாதா?" என்று பலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி.

1. கூட்டரசு அரசியலமைப்பின் 8-ஆவது விதி, சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்கிறது. மதம், இனம், வம்சாவளி, பிறப்பிடம், பாலினம் ஆகியவற்றைக் காரணம் காட்டிப் பாகுபாடு கூடாது என்றும் சொல்கிறது. பாலினம் 2001-இல்தான் சேர்க்கப்பட்டது. சொத்து பற்றிய குறிப்பும் அங்கே உண்டு, ஆனால் அது சொத்துச் சட்டங்களை நிர்வகிக்கும்போது பாகுபாடு காட்டக் கூடாது என்ற அளவுக்குத்தான்.

2. அந்த விதி கட்டுப்படுத்துவது அரசாங்கத்தை. விமானப் பணிப்பெண் பியாட்ரிஸ் ஃபெர்னாண்டஸ் வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் 2005-இல் இதைத் தெளிவாக்கியது: அடிப்படை உரிமைகளைச் சட்டமன்றமோ நிர்வாகமோ மீறினால் அரசியலமைப்பை நாடலாம், தனியார் மீறினால் அந்த வழி இல்லை. அது கர்ப்பத்தைக் காரணம் காட்டி வேலையில் இருந்து நீக்கப்பட்டது பற்றிய வழக்கு. தர்க்கம் மட்டும் வாடகைக்கும் பொருந்துகிறது, ஏனென்றால் கொண்டோ உரிமையாளரும் தனியார்தான்.

3. தனியார் குடியிருப்பு வாடகைக்கென்று நம்மிடம் தனிச் சட்டம் இல்லை. 1948-க்கு முன் கட்டிய கட்டடங்களுக்கு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்தது. 1997-இல் அதை ரத்துச் செய்தார்கள், 2000 தொடக்கத்தோடு அதன் பாதுகாப்பு முழுவதுமாக நீங்கியது. ஜார்ஜ்டவுனில் பழைய கடைவீடுகளில் குடியிருந்த குடும்பங்களுக்கு அந்த ஆண்டு நன்றாகவே நினைவிருக்கும். இப்போது வாடகை விவகாரங்கள் 1950-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம், நிலச் சட்டம் போன்ற பொதுச் சட்டங்களின் கீழ் நடக்கின்றன. ஒப்பந்தச் சட்டம் கையெழுத்துப் போட்ட பிறகுதான் உதவிக்கு வரும். நம் சிக்கலோ கையெழுத்துக்கு முன்னாலேயே முடிந்துவிடுகிறது.

4. மனித உரிமை ஆணையமான சுஹாகாம் 1999-ஆம் ஆண்டுச் சட்டப்படி புகார்களை விசாரிக்கலாம், பரிந்துரை செய்யலாம். அபராதம் போட முடியாது. அந்தச் சட்டத்தில் மனித உரிமை என்பதும் அரசியலமைப்பின் அடிப்படைச் சுதந்திரங்களைத்தான் குறிக்கிறது. சுற்றி வந்து அதே சுவரில்தான் முட்டுகிறோம்.

5. இனப் பாகுபாட்டை ஒழிப்பதற்கான அனைத்துலக உடன்படிக்கையில் மலேசியா சேரவில்லை. சேரப் போவதில்லை என்று 2018 நவம்பரில் அரசாங்கம் அறிவித்தது.

பாதிக்கப்பட்டவரால் ஏன் நிரூபிக்க முடிவதில்லை

விளம்பரத்திலேயே எழுதிவிட்டால் சாட்சியம் கையில் இருக்கிறது. இப்போது பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. வாட்ஸ்அப்பில் நடப்பது எல்லாருக்கும் தெரியும்:

"ஹாய், பாயான் லெப்பாஸ் யூனிட் இன்னும் இருக்கா?"

"இருக்கு. எத்தனை பேர்? என்ன வேலை? எப்போ குடிவரணும்? எந்த இனம்?"

பதில் போகிறது. இரண்டு நீலக் குறி விழுகிறது. கொஞ்ச நேரம் கழித்து, "ஓனரிடம் கேட்டுச் சொல்றேன்." அதன்பிறகு ஒன்றும் வராது. மறுபடி கேட்டால், "ஸாரி, இப்பதான் ஒருத்தர் புக் பண்ணிட்டார்."

இதில் எந்த வரியை நீதிமன்றத்தில் காட்டுவது? வீடு உண்மையிலேயே போயிருக்கலாம். இன்னொருவர் கூடுதல் முன்பணம் கொடுத்திருக்கலாம். மறுக்கப்பட்டவருக்குத் தன் பக்கம் நடந்தது மட்டும்தான் தெரியும். அதே வீட்டுக்கு அதே நாளில் கேட்ட இன்னொருவருக்கு என்ன பதில் போனது என்பது அவர் கண்ணுக்கு வரவே வராது. பாகுபாடு இந்த இரண்டு பதில்களுக்கும் இடையில்தான் ஒளிந்திருக்கிறது. ஆகவே அதைக் கண்டுபிடிக்க ஒரே வழி ஒப்பிடுவது. ஒப்பிடுவதற்குத்தான் பயிற்சி வேண்டும்.

இந்தத் தொழில் எங்கே உருவானது

இந்தக் கலையை அதிகமாக வளர்த்தது அமெரிக்கா. மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட ஒரு வாரத்தில், 1968 ஏப்ரல் 11 அன்று, அங்கே நியாய வீட்டுவசதிச் சட்டம் கையெழுத்தானது. இனம், நிறம், மதம், பூர்வீக நாடு என்று தொடங்கி, 1974-இல் பாலினமும் 1988-இல் உடற்குறையும் குழந்தைகள் உள்ள குடும்பங்களும் சேர்க்கப்பட்டன. ஓர் இனத்துக்கு முன்னுரிமை என்று விளம்பரம் போடுவதையே அந்தச் சட்டம் தடுக்கிறது. அங்குள்ள வீட்டுவசதித் துறைக்கு ஓராண்டுக்குள் புகார் கொடுக்கலாம். முடிந்தவரை 100 நாளில் விசாரணையை முடிக்க வேண்டும்.

சட்டம் வந்த பிறகு விளம்பரங்கள் மாறின. அதே மறுப்பு சிரித்த முகத்தோடு வர ஆரம்பித்தது. அதற்குப் பதிலாக உருவானதுதான் இணைச் சோதனை. சம்பளம், வேலை, வயது, குடும்ப அளவு எல்லாம் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும்படி இருவரைத் தயார் செய்வார்கள். வேறுபாடு இனம் ஒன்றுதான். இருவரும் தனித்தனியாகப் போய் ஒரே வீட்டை விசாரிப்பார்கள். வாடகைக்குப் போகும் எண்ணமே இல்லாத சோதனையாளர் எப்படி வழக்குத் தொடுக்கலாம் என்று எதிர்த்தரப்பு கேட்டது. 1982-இல் ஹேவன்ஸ் ரியால்ட்டி வழக்கில் உச்ச நீதிமன்றம் பதில் சொன்னது: உண்மையான தகவலைப் பெறும் உரிமை எல்லாருக்கும் உண்டு, வீடு காலியாக இருந்தும் இல்லை என்று பொய் சொல்லப்பட்டவர், சோதனையாளராக இருந்தாலும், பாதிக்கப்பட்டவரே.

2012-இல் 28 பெருநகரப் பகுதிகளில் 8,000-க்கும் மேற்பட்ட இணைச் சோதனைகள் நடந்தன. முகத்துக்கு நேரே மறுப்பது குறைந்திருந்தது. ஆனால் கறுப்பினத்தவர்களுக்கு வெள்ளையர்களைவிட 11.4 சதவீதம் குறைவான வீடுகளைப் பற்றித்தான் தகவல் சொன்னார்கள். ஆசியர்களுக்கு 9.8 சதவீதம் குறைவு. தனக்கு மூன்று வீடு காட்டியவர் இன்னொருவருக்கு நான்கு காட்டினார் என்பதை எந்த வாடகைதாரரும் தானாகக் கண்டுபிடிக்க முடியாது. பயிற்சி பெற்ற ஆட்கள் ஏன் தேவை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

புகார்களை விசாரிக்கும் மாநில, நகர அமைப்புகளின் அதிகாரிகளுக்காக 2004-இல் அங்கே ஒரு தேசியப் பயிற்சிக்கூடமும் தொடங்கப்பட்டது.

பயிற்சியில் கற்க வேண்டியவை

விசாரணை அதிகாரியும் சோதனையாளரும் ஒருவரே இல்லை. அதிகாரி இரு தரப்புக்கும் நடுவில் நிற்பவர். சோதனையாளர் தகவல் சேகரிப்பவர், பெரும்பாலும் தன்னார்வ அமைப்புகளின் ஆள். இரண்டு வேலைக்கும் பயிற்சி வேறு.

1. புகாரை உடைத்துப் பார்ப்பது. "என்னை இந்தியன் என்பதால் மறுத்தார்கள்" என்ற வாக்கியத்தை அதிகாரி நான்கு கேள்விகளாகப் பிரிப்பார்: பாதுகாக்கப்பட்ட பிரிவைச் சேர்ந்தவரா? அந்த வாடகையைக் கட்டும் தகுதி இருந்ததா? கேட்டும் மறுக்கப்பட்டாரா? மறுத்த பிறகும் வீடு காலியாக இருந்ததா, அல்லது வேறு இனத்தவருக்குப் போனதா? நான்காவதில்தான் பல புகார்கள் நிற்கும் அல்லது விழும். ஆகவே முதல் நாளே அந்த விளம்பரம் இன்னும் இருக்கிறதா என்று பார்த்துப் பதிவு செய்யப் பழக்குவார்கள்.

2. வாக்குமூலம் வாங்குவது. "உங்களை இழிவாகப் பேசினாரா?" என்று கேட்டால் பதிலை நாமே வாயில் திணிக்கிறோம். "அப்புறம் என்ன சொன்னார்?" என்று கேட்டால் அவர் நினைவில் இருப்பது வரும். அவமானப்பட்டவர் கோபத்தில் சிலவற்றைச் சேர்த்துச் சொல்வார், சிலர் வெட்கத்தில் பாதியை விழுங்கிவிடுவார்கள். நம் குடும்பங்களில் வயதானவர்கள் "விடுப்பா, வேற வீடு பாத்துக்கலாம்" என்று முடித்துவிடுவதும் உண்டு. அவர்களிடம் பொறுமையாகக் கேட்கத் தெரிய வேண்டும். தமிழிலேயே வாக்குமூலம் கொடுக்க வழி இருந்தால் பாதி விவரம் காணாமல் போகாது.

3. காரணத்தைச் சோதிப்பது. வீட்டுக்காரர் ஒரு காரணம் சொல்வார், "சம்பளம் போதாது" என்று வைத்துக்கொள்ளலாம். பொய் என்று முன்கூட்டியே முடிவு கட்டக் கூடாது. அதே வீட்டில் முன்பு இருந்தவர்களின் சம்பளம் என்ன, இப்போது குடியேறியவரின் சம்பளம் என்ன, இவரிடம் சம்பளச் சீட்டைக் கேட்டாரா என்று பார்க்க வேண்டும். சீட்டையே கேட்காமல் சம்பளம் போதாது என்று சொல்லியிருந்தால் அந்தக் காரணம் பின்னால் ஒட்டப்பட்டது. குறைந்த சம்பளக்காரருக்கு வீடு போயிருந்தாலும் அப்படியே. இரண்டும் இல்லையென்றால் வீட்டுக்காரர் சொல்வது உண்மையாக இருக்கலாம், புகார் தள்ளுபடியாக வேண்டும். தள்ளுபடி செய்யும் துணிவு இல்லாத விசாரணையை யாரும் மதிக்கமாட்டார்கள்.

4. சோதனையை நடத்துவது. இங்கே ஒழுங்கு மிகக் கடுமை. சோதனையாளர் தன் இணையைச் சந்திக்கக் கூடாது, அவருக்கு என்ன நடந்தது என்று தெரியவும் கூடாது. வாயைக் கிளறி இனப் பேச்சை வரவழைக்கக் கூடாது. எப்போது அழைத்தார், எத்தனை வீடு காட்டினார்கள், என்ன வாடகை, எவ்வளவு முன்பணம், பிறகு தாமாகத் தொடர்பு கொண்டார்களா என்று நடந்ததை மட்டும் அன்றைக்கே எழுத வேண்டும். "மரியாதை இல்லாமல் பேசினார்" என்பது அறிக்கையில் உதவாது. "உட்காரச் சொல்லவில்லை, இரண்டு நிமிடத்தில் அனுப்பிவிட்டார்" என்பது உதவும். இரண்டு அறிக்கைகளையும் ஒப்பிடுவது மூன்றாவது ஆளான ஒருங்கிணைப்பாளர்.

5. சமரசம். அமெரிக்கச் சட்டப்படி விசாரணை நடக்கும்போதே இரு தரப்பையும் பேசவைத்துப் பார்க்க வேண்டும். இழப்பீடு, அடுத்த காலி வீடு, நிறுவன ஊழியர்களுக்குக் கட்டாயப் பயிற்சி என்று முடியலாம். வாடகை வீடு தேடும் குடும்பத்துக்குத் தேவை அடுத்த மாதம் குடிபோக ஓர் இடம். மூன்று வருடம் கழித்து வரும் தீர்ப்பு அதைக் கொடுக்காது.

நியூயார்க் அருகே லாங் ஐலண்டில் ஒரு செய்தித்தாள் 25 சோதனையாளர்களுக்குப் பயிற்சி கொடுத்து, 93 வீட்டு முகவர்களைச் சோதித்து, 2019-இல் முடிவை வெளியிட்டது. கறுப்பினச் சோதனையாளர்கள் போன சோதனைகளில் 49 சதவீதத்தில் அவர்கள் வேறுவிதமாக நடத்தப்பட்டதற்கான சான்று கிடைத்தது. அரசாங்க அதிகாரிகள் மட்டுமே செய்யக்கூடிய வேலை இல்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

வீட்டுக்காரர்கள் சொல்வது

இதைக் கேட்காமல் நகர முடியாது. "முன்பு இருந்தவர் நாலு மாசம் வாடகை தரவில்லை, வீட்டைப் பாழாக்கிவிட்டுப் போனார்" என்பது பல உரிமையாளர்களின் உண்மையான அனுபவம். குறித்த நிவாரணச் சட்டம் (Specific Relief Act) என்ற சட்டப்படி, வாடகைதாரரை நீதிமன்ற உத்தரவு இல்லாமல் வெளியேற்ற முடியாது. அது தேவையான பாதுகாப்பு, ஆனால் நேரமும் வழக்கறிஞர் செலவும் ஆகும். இரண்டு மாத டெபாசிட் அதற்குள் கரைந்துவிடும். பயந்த உரிமையாளர் ஆபத்தைக் குறைக்கக் குறுக்கு வழி தேடுகிறார். இனம் அவருக்குச் சுலபமான வடிகட்டியாகத் தெரிகிறது.

அந்த வடிகட்டி ஓட்டை என்பதுதான் விஷயம். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் பொறியாளராக இருப்பவர் வாடகை கட்டுவாரா என்பதை அவருடைய வேலைக் கடிதமும் சம்பளச் சீட்டும் முந்தைய வீட்டுக்காரரும் சொல்வார்கள். அடையாள அட்டையான மைகார்டில் பெயரோடு வரும் "அ/லெ" (அனாக் லெலாக்கி, மகன்), "அ/பெ" (அனாக் பெரம்புவான், மகள்) சொல்லாது. வாடகைத் தகராறுகளைச் சில வாரங்களில் தீர்க்கும் ஒரு நடுவர் மன்றம் இருந்தால் உரிமையாளரின் பயம் குறையும், இனத்தைப் பார்க்கும் சாக்கும் மெலியும். அதனால் புதிய சட்டத்தில் பாகுபாட்டுத் தடையையும் விரைவுத் தீர்ப்பையும் சேர்த்தே கேட்க வேண்டும் என்பது என் கருத்து. ஒன்றை மட்டும் கேட்டால் உரிமையாளர்கள் எதிர்ப்பார்கள், எதிர்ப்பில் நியாயமும் கொஞ்சம் இருக்கும்.

நம் நாட்டில் யாரிடம் தொடங்குவது

முதலில் முகவர்கள். 1981-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வீட்டு முகவர் தொழிலை ஒரு வாரியம் ஒழுங்குபடுத்துகிறது. பதிவு பெற்ற முகவரின் கீழ் வேலை செய்யும் நெகோஷியேட்டர்கள் இரண்டு நாள் சான்றிதழ் வகுப்பை முடித்துத்தான் அடையாள அட்டை வாங்குகிறார்கள். "எந்த இனம்?" என்று வாட்ஸ்அப்பில் தட்டச்சு செய்வது பெரும்பாலும் இவர்கள் விரல்தான். பலர் கெட்ட எண்ணத்தில் கேட்பதில்லை. வீட்டுக்காரர் திட்டுவாரே, வீணாக வீடு காட்டப் போவானேன் என்று கேட்கிறார்கள். அப்படிப்பட்ட உரிமையாளரிடம் என்ன பேசுவது, இனத்துக்குப் பதில் எந்த ஆவணங்களைக் கேட்பது என்று அந்த இரண்டு நாளில் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும். நாடாளுமன்றத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

அடுத்தது சட்ட உதவி மையங்களின் வழக்கறிஞர்கள், சுஹாகாம் அதிகாரிகள், பினாங்கு பயனீட்டாளர் சங்கம் போலப் பொதுமக்கள் புகாரோடு போகும் அமைப்புகளின் ஊழியர்கள். இவர்களுக்கு வாக்குமூலமும் ஆவணப்படுத்தலும் முக்கியம். வெளியூர் மாணவர்களுக்கு வீடு தேடித் தரும் பல்கலைக்கழக விடுதி அலுவலர்களையும் சேர்க்கலாம்.

இணைச் சோதனை மலேசியாவுக்குப் புதிது கிடையாது. ஆய்வாளர்களான ஹ்வோக் ஆன் லீயும் முகமட் அப்துல் காலிட்டும் சீன, மலாய்ப் பெயர்களில் கற்பனையான பட்டதாரிகளின் விண்ணப்பங்களை வேலைகளுக்கு அனுப்பி 2016-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். தகுதியைவிடப் பெயர் காட்டும் இனத்துக்கே அழைப்பு வருவதில் பங்கு அதிகம் என்று அது காட்டியது. அதே முறையை வாடகை வீட்டுக்குப் பயன்படுத்த ஆய்வாளர்களுக்கு வழி திறந்தே இருக்கிறது. தடைச் சட்டம் இல்லாத நிலையில் முடிவை வட்டாரவாரியாக வெளியிடலாம். தனி ஆட்களின் பெயரைப் போட்டால் அவதூறு வழக்கில் மாட்டிக்கொள்ள நேரும்.

இன்றைக்கு மறுக்கப்பட்டால்

பயிற்சி பெற்ற விசாரணையாளர் இல்லாத காலத்திலும் அவருக்குத் தேவைப்படும் பொருளை நாம் சேர்த்து வைக்கலாம்.

1. விளம்பரத்தை நாளும் நேரமும் தெரியும்படி படம் பிடியுங்கள். மறுத்த பிறகு அது இன்னும் இருந்தால் மறுபடி ஒரு படம்.

2. உரையாடலை அழிக்காதீர்கள். தொலைபேசியில் பேசியிருந்தால், வைத்தவுடன் நினைவிருப்பதை எழுதி வையுங்கள்.

3. "எந்த இனம்?" என்று கேட்டால், "என் வேலைக் கடிதமும் மூன்று மாதச் சம்பளச் சீட்டும் அனுப்புகிறேன், வீட்டுக்காரரிடம் காட்டுங்கள்" என்று எழுதுங்கள். தகுதியைக் காட்டியதற்கு அதுவே பதிவு.

4. மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள், மரியாதையாக.

5. முகவரின் பதிவு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த எண் இருந்தால் வாரியத்திடம் முறையிடலாம், எண்ணே இல்லாதவர் சட்டவிரோதமாகத் தொழில் செய்பவராக இருக்கலாம். நெகோஷியேட்டர் செய்வதற்கு அவருடைய நிறுவனத்தின் பதிவு பெற்ற முகவரும் பொறுப்பு என்பதால், புகாரின் ஒரு நகலை அந்த நிறுவனத்துக்கும் அனுப்புங்கள்.